சுடுதண்ணீருக்கு முன்னே ஒரு செப்புக் கம்பி

வென்னப்புவவில் இத்தாலிப் பணத்தில் எழும்பும் மாடி வீடுகளிலும், புத்தளம் நகரைச் சுற்றி மத்திய கிழக்கு உழைப்பில் கட்டிய வீடுகளிலும், ஆலங்குடா, கண்டக்குழிக் கரையில் பட்டச் சறுக்கலுக்கும் ஓங்கில் பார்க்கவும் வருகிற பயணிகளுக்கென்று திறந்த விடுதிகளிலும், குளியலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி ஏறிவிட்டது. ஹீட்டர். கிணற்றுத் தண்ணீர் ஆண்டு முழுவதும் 27 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும் ஊரில் இது எதற்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியை மூட்டுவலியோடு விடியலில் எழும்பும் முதியவரிடமும், பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாத தாயிடமும், மார்கழிக் காற்றில் கரைவலை இழுத்துவிட்டு வரும் உடப்புக்காரரிடமும் கேட்க வேண்டும். தேவை உண்மையானது, ஆனால் சின்னத் தேவை. அந்தச் சின்னத் தேவைக்கு இங்கே வாங்கப்படும் இயந்திரம் பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சியதாகவும், அதைக் காக்கும் ஏற்பாடு அளவுக்குக் குறைந்ததாகவும் இருக்கிறது. ஹீட்டருக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் நிலத்தில் இறக்கும் எர்த் கம்பிக்கும், கசிவு கண்டால் வெட்டும் டிரிப் சுவிட்சுக்கும் ஒதுக்க வேண்டும், மிச்சத்தில்தான் ஹீட்டர் வாங்க வேண்டும். அந்த வரிசையைத் தலைகீழாக்க முடியாதபடி இந்தக் கரையின் தண்ணீரும் மண்ணும் செய்திருக்கின்றன.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 1.16 வாட்-மணி மின்சாரம் போதும். ஒருவர் குளிக்க 30 லீற்றர், 27 பாகையிலிருந்து 40 பாகை வரை என்று வைத்தால் அரை யூனிட்டுக்கும் குறைவு. உடனே சூடாக்கித் தரும் சிறிய வகை ஹீட்டரில் 3.5 கிலோவாட் உள்ளது நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓட்டத்தில் தண்ணீரைக் கிட்டத்தட்ட 17 பாகை உயர்த்தும். அதாவது நம் தண்ணீரை 44 பாகைக்குக் கொண்டுபோய்விடும். உடம்புக்கு 40 போதும். நுவரெலியாவில் குளிர்ந்து வரும் தண்ணீருக்கு 5.5 கிலோவாட் தேவைப்படலாம். அதே பெட்டியைச் சிலாபத்தில் மாட்டுவது கடைக்காரரின் விருப்பமாக இருக்கலாம், குளிப்பவரின் தேவையாக இருக்க முடியாது. 5.5 கிலோவாட் பெட்டி 230 வோல்டில் 24 அம்பியர் இழுக்கிறது. சாதாரண வீட்டு இணைப்பு மொத்தமே 30 அம்பியர். அதே நேரத்தில் கிணற்று மோட்டர் ஓடி, யாராவது இஸ்திரியும் போட்டால் கணக்கு முடிந்தது. 3.5 கிலோவாட் என்றால் 15 அம்பியர் சொச்சம். மூச்சு விட இடம் இருக்கும். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் புகைந்துகொண்டிருக்க, அதே மாவட்டத்தில் ஒதுக்குப்புறக் கம்பி நுனியில் உள்ள வீட்டில் மாலை ஏழு மணிக்கு மின்னழுத்தம் 200 வோல்டுக்கு இறங்குவது வேடிக்கைதான். அப்போது 3.5 கிலோவாட் பெட்டி தருவது சுமார் 2.6 கிலோவாட். அதற்கும் வழி சுலபம்: குழாயைச் சற்று மூடி ஓட்டத்தைக் குறைத்தால் சூடு வந்துவிடும். பெரிய பெட்டிக்கு மாறுவது அந்தக் கம்பியை இன்னும் அமுக்கும்.

இன்னொரு ஏமாற்றமும் இங்கே அடிக்கடி நடக்கிறது. ஹீட்டர் மாட்டியாயிற்று, தண்ணீர் சூடாகவில்லை. பழுது ஒன்றும் கிடையாது. கூரைக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்தில் இருக்கும் டேங்கிலிருந்து ஷவருக்கு வரும் அழுத்தம் மிகக் குறைவு. தண்ணீர் போதிய வேகத்தில் ஓடினால்தான் உள்ளே இருக்கும் சுவிட்ச் சூடேற்றியை இயக்கும். டேங்கை உயர்த்த வேண்டும், அல்லது உள்ளேயே சிறு பம்ப் உள்ள வகையை வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

இனித் தண்ணீருக்கு வருவோம். அருவக்காட்டிலிருந்து ரயிலில் ஏறி வந்து பாலாவியில் சீமெந்தாகும் அதே சுண்ணக்கல்தான் வண்ணாத்திவில்லுப் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகளின் பாறையும். அதனூடாக வரும் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. சூடேறும்போது அது கரைந்தபடி இருக்காது, வெண்மையாகப் படியும். கேத்தலின் அடியில் பார்க்கும் அந்த வெள்ளைப் பூச்சு ஹீட்டரின் சூடேற்றிக் குழாயின் மேலும் படிகிறது. சூடு வெளியே போக வழி குறைவதால் குழாய் உள்ளே அதிகம் காய்ந்து, நாளடைவில் வெடிக்கிறது. சூடு 60 பாகையைத் தாண்டத் தாண்டப் படிவும் வேகமெடுக்கும். ஆகவே தொட்டி உள்ள ஹீட்டரைக் கடைசிப் புள்ளிக்குத் திருகி 75இல் வைப்பது, அதிகச் சூட்டுக்காக அதன் ஆயுளை விற்பதற்குச் சமம். 55 முதல் 60 வரை போதும். அதற்குக் கீழே நெடுநாள் வைத்தாலும் நல்லதல்ல. இளஞ்சூட்டில் தேங்கும் தண்ணீரில் லெஜியனெல்லா என்ற நுண்ணுயிர் வளரும்.

கரைக்குக் கிட்டே போகப் போகச் சுண்ணாம்போடு உப்பும் சேரும். கற்பிட்டி முனையின் மணலுக்குள் மழைத் தண்ணீர், கடல் நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கிறது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கோடை முழுக்க இறைத்தால் அந்தப் படலம் மெலிகிறது, கிணறு சவர்க்கிறது. ஹீட்டர் வாங்குபவருக்கு இதில் ஒரு சோதனை இருக்கிறது, கருவி எதுவும் வேண்டாம். தண்ணீரில் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம் அளவை எட்டும்போதுதான் மனித நாக்கு அதன் உப்பை உணரத் தொடங்குகிறது. சாதாரண 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு, சூடான தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிக்கப்படத் தொடங்குவது அதே அளவிலோ அதற்கும் முன்னதாகவோதான். எனவே கிணற்றுத் தண்ணீர் வாயில் கரித்தால் எஃகுத் தொட்டி வேண்டாம். உள்ளே கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியும் அதில் மக்னீசியக் கோலும் கேளுங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்து போவதே அந்தக் கோலின் வேலை. சவர்த் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும். ஆண்டுக்கு ஒரு தடவை கழற்றிப் பார்க்காவிட்டால் கரைவதற்குக் கோல் இருக்காது, தொட்டிதான் இருக்கும். உத்தரவாத அட்டைகள் பலவற்றில் சவர்த் தண்ணீரால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதையும் பணம் கட்டுவதற்கு முன் வாசித்துவிடுவது நல்லது.

தொட்டி ஒழுகினால் நஷ்டம் காசு. சூடேற்றி ஓட்டையானால் நஷ்டம் வேறு. அந்தக் குழாயின் உள்ளே ஒரு கம்பிச் சுருள்; அதைச் சுற்றி மக்னீசியம் ஒட்சைட்டு மாவு; வெளியே செம்பு அல்லது எஃகு உறை. கரண்டை உறைக்கு வரவிடாமல் தடுப்பது அந்த மாவு மட்டுமே. உப்பு உறையில் ஒரு ஊசித் துளை போட்டால் ஈரம் மாவுக்குள் இறங்கும், கரண்ட் தண்ணீருக்கு வரும். உப்பு கலந்த தண்ணீர் மழைத் தண்ணீரைவிடப் பல மடங்கு நன்றாகக் கரண்டைக் கடத்தும் என்பதால், வேறு ஊரில் கூச்சமாக இருக்கும் கசிவு இங்கே அடியாக விழும். நனைந்த உடம்பின் தடையை 1000 ஓம் என்று எடுத்தால் 230 வோல்ட் அதனூடே 0.23 அம்பியரை ஓட்டும். 20 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு குண்டு விளக்கின் சுமைதான்; விழாது. இருதயத்துக்கோ 0.03 அம்பியரே சில நொடிகளில் ஆபத்து. அந்த 0.03 அம்பியரில், அதாவது 30 மில்லி அம்பியரில் விழுவதற்கென்றே செய்யப்பட்டதுதான் டிரிப் சுவிட்ச். போகும் கரண்டையும் திரும்பும் கரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் நொடியின் ஒரு பகுதிக்குள் வெட்டிவிடும்.

இங்கேதான் இந்தக் கரைக்கே உரிய கெட்ட பழக்கம் வருகிறது. தண்ணீர் கெடுதலானது என்பதால் சூடேற்றி இங்கே சீக்கிரம் கசிகிறது. கசிவதால் டிரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. விழுவதால் வீட்டுக்காரர் சுவிட்சைக் குறை சொல்கிறார். வயரிங் பாஸ் வந்து ஹீட்டரின் கம்பியை டிரிப் சுவிட்சுக்கு வெளியே மாற்றிக் கட்டுகிறார், அல்லது அதையே கழற்றிவிடுகிறார். அதன் பிறகு ஹீட்டர் அமைதியாக வேலை செய்கிறது. எச்சரித்த ஒரே வாயை அடைத்துவிட்டால் அமைதி இருக்கத்தானே செய்யும். இன்னும் மோசமான வேலை, எர்த் இல்லாத வீட்டில் ஹீட்டரின் எர்த் கம்பியை நியூட்ரலோடு முறுக்கிவிடுவது. எல்லாம் சரியாக இருக்கும்வரை அதுவும் ஓடும். புயல் காற்றில் தென்னை மட்டை விழுந்து தெருவில் நியூட்ரல் அறுந்த நாளில், ஹீட்டரின் வெளி உலோகமும் ஷவர்க் குழாயும் முழு 230 வோல்டில் நிற்கும்.

மணலில் எர்த் எடுபடாது, போட்டும் பிரயோசனமில்லை என்று சொல்வோர் இங்கே நிறைய. அதில் உள்ள உண்மையை மறுக்கக் கூடாது. உலர்ந்த மணலின் தற்தடையை 1000 ஓம்-மீற்றர் என்று வைத்துக் கணக்கிட்டால், வீடுகளில் வழக்கமாக அடிக்கும் நாலடிக் கம்பியின் தடை சுமார் 700 ஓம் வருகிறது. ஹீட்டரின் உலோகத்தில் கரண்ட் இறங்கினால் அந்தக் கம்பி வழியாக நிலத்துக்குப் போவது 0.33 அம்பியர் மட்டுமே. பிரேக்கருக்குத் தெரியவே தெரியாது, உலோகம் நாள் முழுக்கக் கரண்டோடு நிற்கும். எர்த் மட்டும் காப்பாற்றாது என்பது சரி. ஆனால் அந்த 0.33 அம்பியர், டிரிப் சுவிட்ச் விழ வேண்டிய அளவைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். 700 ஓம் எர்த்தும் 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்சும் சேர்ந்தால், சுவிட்ச் வெட்டாமல் விடக்கூடிய அதிகபட்ச மின்னழுத்தம் 21 வோல்ட்தான். பொதுவாக ஆபத்து எல்லையாகக் கொள்ளும் 50 வோல்டுக்கு அது வெகு கீழே. தனியே நின்றால் போதாத இரண்டு பொருள்கள் சேர்ந்தால் உயிர் காக்கின்றன. மணலைக் காட்டி எர்த்தைத் தவிர்ப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அந்த 700 ஓமையும் குறைக்கலாம். மணல் மேலேதான் காய்ந்திருக்கிறது. கற்பிட்டித் தீபகற்பத்தில் பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து அடிக்குள் கிணற்று மட்டம் வந்துவிடும். நாலடிக் கம்பிக்குப் பதில் ஒன்றோடொன்று பொருத்தக்கூடிய செப்புப் பூச்சுக் கம்பிகளை ஈரத்தைத் தொடும்வரை இறக்கினால், தடை நூறுகளிலிருந்து பத்துகளுக்கு இறங்கும். உப்பு கலந்த ஈரம் ஹீட்டருக்குச் செய்யும் கெடுதலுக்கு இங்கே ஈடு செய்துவிடுகிறது. பழைய முறைப்படி குழியில் கரியும் உப்பும் கொட்டுவது ஈரமற்ற உள்நாட்டுக்கு ஏற்றது. கடற்கரையில், உப்புக்குப் பஞ்சமில்லாத புத்தளத்தில், கூடுதல் உப்பு கம்பியின் பிடியைத் தின்பதற்கே உதவும். கல்வனைஸ் குழாயை எர்த்தாக அடித்த வீடுகள் அதைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பல இடங்களில் கம்பி இருக்கும், மண்ணுக்குள் குழாய் துருவாகிப் போயிருக்கும். இணைப்பு வெளியில் தெரியும்படி ஒரு சிறு சீமெந்துத் தொட்டிக்குள் இருக்கட்டும். மூடியைத் திறந்து பார்க்க முடியாத எர்த், இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாத எர்த்.

ஹீட்டருக்குள்ளேயே பாதுகாப்பு இருக்கிறது என்று கம்பெனி எழுதியிருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். எழுதியிருப்பது உண்மைதான். அது தனக்குள் நடக்கும் கசிவைக் கவனிக்கும்; தனக்கு முன்னால் சுவருக்குள் வரும் கம்பியையோ, வீட்டின் மற்றப் பொருள்களையோ கவனிக்காது. வீடு முழுவதற்கும் எர்த் ஒன்றுதான். மெயினில் டிரிப் சுவிட்ச் இல்லாமல், கிணற்றடி மோட்டரின் சுருளில் ஈரம் ஏறிக் கரண்ட் எர்த் கம்பிக்கு வந்துவிட்டால், மணலுக்குள் போக வழியில்லாத அந்தக் கரண்ட் எர்த் கம்பி வழியாகவே குளியலறை ஹீட்டரின் உலோகத்துக்கு வந்து நிற்கும். ஹீட்டர் அணைந்திருந்தாலும் நிற்கும். ஹீட்டர் சுவிட்ச் எர்த்தை வெட்டுவதில்லை. மோட்டரின் பழுது ஷவருக்கடியில் வந்து கடிக்கும் விதம் இதுதான். எனவே மெயினில் ஒன்று, இயலுமானால் ஹீட்டருக்கென்று தனியே இன்னொன்று. உப்புக் காற்றில் உள்ளே சுருள்வில் இறுகி டிரிப் சுவிட்ச் தானே செத்துப்போவதும் உண்டு. அதன் முகத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அமுக்க வேண்டும். அமுக்கியும் விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.

பிரேசிலில் கோடிக்கணக்கான வீடுகளில் ஷவர்த் தலைக்குள்ளேயே உறையில்லாத கம்பிச் சுருள் தண்ணீரில் நனைந்தபடி காய்கிறது. அங்கே குளிக்கிறார்களே என்று கேட்கலாம். குளிக்கிறார்கள். அந்த நாட்டு வயரிங் விதி குளியலறைக்குப் போகும் இணைப்புக்கு 30 மில்லி அம்பியர் காப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த ஷவர்கள் உப்புக் குறைந்த தண்ணீரை நம்பியே செய்யப்பட்டவை. பிரேசிலின் அனுபவம் ஹீட்டர் எதையும் தாங்கும் என்பதற்குச் சாட்சியாகாது. எர்த்தும் காப்பும் சரியாக இருந்தால் மோசமாகத் தெரியும் பொருளையும் பாவிக்கலாம் என்பதற்கே சாட்சி. நம் கிணறுகளுக்கு அந்த வகை ஒத்துவராது. வாளிக்குள் தொங்கவிடும் கம்பிச் சுருளும் அதே காரணத்தால் இங்கே வேண்டாம். சுவிட்சைப் போட்டபடி சூடு பார்க்கக் கையை விடுவது மனித இயல்பு, அதைத் திருத்த முடியாது.

சூரியன் இருக்கும்போது மின்சாரம் எதற்கு என்பது எல்லா ஆட்சேபங்களிலும் வலுவானது, அதற்குப் பாதி தலையசைக்கலாம். இந்த வறண்ட கரையில் ஒரு சதுர மீற்றரில் நாளொன்றுக்குச் சுமார் 5 யூனிட் வெயில் விழுகிறது. கூரையில் வைத்த கறுப்பு டேங்கிலிருந்து மாலை ஐந்து மணிக்குக் குளிப்பவருக்கு ஹீட்டரே தேவைப்படாது. தினமும் பத்துப் பேர் குளிக்கும் விடுதிக்குச் சூரிய ஹீட்டர்தான் லாபம். ஒரு குடும்பத்துக்கு, அதுவும் விடியலில் ஒருவர் இருவருக்கு மட்டும் வேண்டும் என்றால், அரை யூனிட் மின்சாரத்துக்கு எதிராக அந்த முதலீடு திரும்பி வர நாளாகும். சுண்ணாம்புத் தண்ணீர் அதன் குழாய்களையும் அடைக்கும். மின் ஹீட்டரை வைத்திருப்பவர் மாலை ஆறரை முதல் பத்தரை வரையான உச்ச நேரத்தைத் தவிர்த்தால் கம்பிக்கும் ஊருக்கும் நல்லது.

மாட்டும் வேலையில் சொல்ல வேண்டியவை சுருக்கமானவை. உடன் சூடேற்றும் ஹீட்டரைப் பிளக்கில் செருகக் கூடாது. 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கே 15 அம்பியரைத் தாங்காது, பழைய உருண்டைப் பிளக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மெயினிலிருந்து நேரே தனிக் கம்பி, 3.5 கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீற்றர் செம்பு, லைனையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் சுவிட்ச், அதுவும் நனைந்த கை எட்டாதபடி குளியலறைக்கு வெளியே. தொட்டி வகைக்கு இன்னொன்று முக்கியம். 50 லீற்றர் தண்ணீர் 27இலிருந்து 60 பாகைக்குச் சூடானால் அரை லீற்றருக்கு மேல் பெருகும். அந்தப் பெருக்கம் வெளியேறுவதற்குத்தான் கீழே அழுத்த வால்வு இருக்கிறது. அதிலிருந்து சொட்டுகிறதென்று அடைப்பான் போடுபவர் குளியலறைச் சுவரில் ஒரு கொதிகலனைத் தொங்கவிடுகிறார். சுண்ணாம்பு அந்த வால்வையும் இறுக்கும். நெம்புகோலை மாதம் ஒரு தடவை தூக்கிவிட வேண்டும். 60 பாகைத் தண்ணீர் ஐந்தாறு விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும், குழந்தையின் தோலை அதற்கும் முன்பே. ஆகவே பச்சைத் தண்ணீரை முதலில் திறந்து சுடுதண்ணீரைப் பிறகு கலப்பது பழக்கமாக வேண்டும், வாளியில் குழந்தையை இறக்குமுன் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தெதுறு ஓயா பெருகிச் சிலாபத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்துபோன பிறகு, சுவர் காய்ந்துவிட்டதென்று நம்பி ஹீட்டரைப் போடுவதற்கு முன் கம்பிகளின் காப்புத் தடையை அளக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் யார் பார்ப்பது? புது இணைப்புக் கேட்டால் மின் விநியோக நிறுவனம் வயரிங் சோதனை அறிக்கை கேட்கிறது. அன்று எர்த் அளக்கப்படும், டிரிப் சுவிட்ச் விழுகிறதா என்று பார்க்கப்படும். ஆனால் ஹீட்டர் வருவது ஐந்து பத்து வருஷம் கழித்து, மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும்போது. அந்த நேரம் எந்த அறிக்கையும் யாரும் கேட்பதில்லை. வீட்டின் மிகப் பெரிய சுமை, மிக ஈரமான அறையில், யாரும் அளக்காத எர்த்தை நம்பி ஏறுகிறது. அதைச் சரிசெய்யச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உள்ள மின்பணியாளரிடம் எர்த் தடையின் அளவைத் தாளில் எழுதிக் கேட்கலாம்; அளக்கும் கருவி இல்லாதவரிடம் ஹீட்டர் வேலை கொடுக்காமல் விடலாம். ஹீட்டர் விற்கும் கடை, டிரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பெட்டியைக் கொடுக்கலாம். விடுதிக்காரர்கள் அறைக்கு அறை அந்தத் தாளை வைத்திருந்தால், பயணியிடம் கட்டணம் வாங்கும் உரிமையோடு அவர் உயிருக்கான பொறுப்பும் எழுத்தில் இருக்கும். மின் விநியோக நிறுவனத்தின் மானி வாசிப்பவர் மாதாமாதம் எல்லா வீட்டு வாசலுக்கும் வருகிறார். வரும்போது மெயின் பலகையில் டிரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து ஒரு கோடு போட்டுப் போனால், எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு அது இல்லாமல் இருக்கிறது என்ற கணக்கு ஒரே மாதத்தில் புத்தளத்துக்குக் கிடைத்துவிடும்.